‘எவ்வளவு’ என்று கேட்கலாம், ‘எதற்கு’ என்று கேட்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தினமும் நான்கு மணி நேரம், ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ‘அன்லிமிடெட்’ ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாடியில் குடியிருப்பவருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்து மாதம் 200 ரூபாய் வாங்கிக்கொள்கிறேன். போன மாதத்திலிருந்து சாயங்காலம் ஆனால் வகுப்பு நின்று நின்று போகிறது. புகார் செய்தேன். பார்க்க வந்தவர், “நீங்க ரொம்ப யூஸ் பண்றீங்க மேடம். வீட்டு கனெக்‌ஷன்ல கிளாஸ் எடுக்கக் கூடாது, பிசினஸ் பிளானுக்கு மாறுங்க. மாடிக்கு வைஃபை குடுக்கறதும் தப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் கேமராவைக் கணவர் அங்கிருந்து பார்க்க வேண்டுமென்றால் ‘ஸ்டேடிக் ஐபி’க்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். அந்த லைனில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்க இவர்களுக்கு உரிமை உண்டா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. வந்தவர் நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனதால் எல்லாம் ஒரே குற்றச்சாட்டு மாதிரி உங்களுக்குக் கேட்டிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் மாடி வீட்டு விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி. மற்றவற்றில் உங்கள் பக்கம் நியாயம் அதிகம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் நெட் கொடுக்கும் நிறுவனங்களில் இருபது வருடங்களுக்கு மேல் நெட்வொர்க் இன்ஜினியராக இருந்தவன் நான். லைனைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளை என் கையாலேயே போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். நெட் கொடுப்பவர் ‘எவ்வளவு’ என்று கேட்கலாம். அதற்கு அளவு வைக்கலாம், விலை வைக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டு வேகத்தைக் குறைக்கலாம். ‘எதற்கு’ என்று கேட்டு, அந்தப் பதிலைப் பொறுத்து லைனைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை கிடையாது.

‘எதற்கு’ என்று கேட்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பது உங்கள் வீட்டுக்கே தெரியும். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், கால் மட்டும் போகாது. அனுமதி வாங்கிய போட்டிம் மாதிரியான செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும். கம்பி அதேதான், வேகமும் அதேதான். ஆனாலும் பேச்சு என்றால் மட்டும் கதவு அடைபடுகிறது.

நம் ஊரிலும் அதற்கு முயற்சி நடந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. அடுத்த மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் விதி போட்டது: எந்தத் தளம், எந்தச் செயலி என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். விலைக்குப் பிறகு வேகம். ஒரு உள்ளடக்கத்தை மட்டும் தடுப்பது, மெதுவாக்குவது, இன்னொன்றுக்கு மட்டும் வேகம் கொடுப்பது எல்லாம் கூடாது என்ற கொள்கையை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அது நிறுவனங்களின் உரிமத்திலேயே நிபந்தனையாகச் சேர்ந்திருக்கிறது. (புதுச்சேரி வாசகர்களுக்கும் இதுவேதான். தொலைத்தொடர்புக் கணக்கில் நாம் எல்லோரும் தமிழ்நாடு வட்டம்.)

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

‘ரொம்ப யூஸ் பண்றீங்க’ என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு ஒன்று, ஒன்றரை ஜிபி ஆகும். 25 பிள்ளைகள் இருப்பதால் உங்கள் லைனில் 25 மடங்கு ஓடாது. உங்கள் படமும் குரலும் ஒரே ஒரு தடவைதான் வீட்டை விட்டு வெளியே போகின்றன. அதைப் பிரித்து எல்லோருக்கும் அனுப்புவது அந்தச் செயலியின் சர்வர். தினம் நான்கு மணி நேரம், மாதம் 26 நாள் என்று வைத்தாலும் 150 ஜிபியைச் சுற்றித்தான் வரும். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் பல ஃபைபர் திட்டங்களில் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும் மாத எல்லை 3,300 ஜிபி. அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட உங்கள் வகுப்பு தொடவில்லை. பெரிய டிவியில் 4கே படம் பார்த்தால் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். மாடியில் ஒருவர் தினம் மூன்று மணி நேரம் அப்படிப் பார்த்தால் மாதம் 600 ஜிபியைத் தாண்டிவிடும். ஆகவே உங்கள் வீட்டுப் பயன்பாடு உண்மையிலேயே அதிகம் என்றால், காரணம் வகுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

எல்லை வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தெருவுக்கு வரும் ஃபைபரில் கீழ்நோக்கிப் பாயும் மொத்தக் கொள்ளளவு சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். 64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் விற்றால் விற்ற கணக்கு 6.4 ஜிபிபிஎஸ், கையில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. கல்யாணத்துக்கு ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு நூறு இலை போடுகிற மாதிரிதான். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. அதனால்தான் மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு நெட் கிடைக்கிறது. அளவுக்கு மீறி இழுக்கும் ஒரு சிலரின் வேகத்தைக் குறைப்பது மற்ற வீடுகளுக்குச் செய்யும் நியாயம்.

ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். எல்லை எவ்வளவு, எல்லை தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதைத் தெளிவாக வெளியிட வேண்டும் என்றும், பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுதும் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றும் டிராய் 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. எல்லை தாண்டிய பிறகும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அந்த உத்தரவில் இருக்கிறது. அதற்கப்புறம் 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்று சொல்வதற்கான குறைந்தபட்ச வேகமே 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்ந்தது. உங்களுக்கு அப்படி ஏதாவது குறுஞ்செய்தி வந்ததா? நிறுவனத்தின் செயலியில் இந்த மாதப் பயன்பாடு என்ன காட்டுகிறது? அதைப் பார்க்காமல் ‘ரொம்ப’ என்ற வார்த்தையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சாயங்காலம் மட்டும் நிற்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது நான் சொன்ன பந்தி நெரிசல். அப்படியானால் வீடுகளைக் கூட்டிக்கொண்டே போய், கொள்ளளவைக் கூட்டாமல் விட்ட நிறுவனத்தின் குறை அது. உங்கள் தலையில் கட்ட முடியாது. வைஃபையாகவும் இருக்கலாம். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும் நேரமும் அதுதான். மூன்றாவதாக, வீடியோ வகுப்புச் செயலிகளை மட்டும் குறிவைத்து மெதுவாக்கும் வாய்ப்பு. அது அரிதுதான், ஆனால் இல்லாத விஷயம் கிடையாது. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற நெட் நிறுவனம் 2007இல் பிட்டொரன்ட் (கணினிகள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) பரிமாற்றங்களை ரகசியமாகத் துண்டித்து மாட்டிக்கொண்டது. இரு கணினிகளுக்கு இடையில் புகுந்து, எதிர்முனை இணைப்பை முடித்துக்கொண்டது போலப் போலிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் தன் வீட்டில் சோதித்துப் பார்த்ததில்தான் அது வெளியே வந்தது.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30, தானே புயல். அப்போது புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். சென்னைக்குப் போகும் பெரிய லைன் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மரம் விழுந்து பல இடங்களில் அறுந்துபோனது. விழுப்புரம் வழியாக மெல்லிய மாற்று லைன் ஒன்றுதான் மிச்சம். அன்று ராத்திரி எல்லோருடைய வேகத்தையும் ஒரே அளவுக்குக் குறைத்தோம். மருத்துவமனைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் முதலிடம் கொடுத்தோம். வீடியோவை மட்டும் ஊர்ந்து போகும்படி கட்டளைகளில் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். உறவுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு வரும் மின்னஞ்சல்கள் போக வேண்டுமே. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் பெரிய லைன் திரும்பி வந்தது. பொதுக் கட்டுப்பாட்டை அன்றே எடுத்துவிட்டோம். வீடியோ வரி மட்டும் எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டது. அதனால் சென்னைக்குக் கட்டும் பேண்ட்விட்த் செலவு குறைகிறது என்பது பில்லில் தெரிந்ததும், ‘இருக்கட்டும்’ என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். ஜூன் மாதம் முதலியார்பேட்டையிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மகள் பாட வீடியோ பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். கம்ப்யூட்டர்தான் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசே வாங்கிவிட்டார். அதிலும் சுற்றுகிறதாம். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, காரணம் நான் எழுதிய ஒரு வரி என்று எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி அதை எடுத்தேன். அவர் கம்ப்யூட்டர் வாங்கிய பணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நெரிசலைச் சமாளிக்கச் செய்யும் கட்டுப்பாடு தேவைக்குத் தக்க அளவாக, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று பின்னால் டிராய் எழுதியதைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் போட்ட வரி முதல் மூன்று வாரம் அந்த அளவுகோலில் பெரும்பாலும் நிற்கும். அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிற்காது.

அடுத்தது, வீட்டு இணைப்பில் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது. மின்வாரியம் வீட்டுக்கும் கடைக்கும் வேறு கட்டணம் வைக்கவில்லையா என்று நிறுவனத்தார் கேட்பார்கள். கேட்கட்டும். வீட்டுத் திட்டம், பிசினஸ் திட்டம் என்று இரண்டு விலை வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. பிசினஸ் திட்டத்தில் ஒரே கொள்ளளவைப் பங்குபோடும் ஆட்கள் குறைவு. டிராய் 2009இல் சொன்ன அளவு வீட்டுக்கு ஐம்பது பேருக்கு ஒன்று, வணிகத்துக்கு முப்பது பேருக்கு ஒன்று. லைன் அறுந்தால் சீக்கிரம் வந்து பார்ப்பதும் பெரும்பாலும் அதில் சேர்த்தி. இவை தேவைப்படுகிறவர் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே. ஆனால் மின்வாரியம் மிக்ஸிக்கு ஒரு அழுத்தம், மின்விசிறிக்கு ஒரு அழுத்தம் என்று பிரித்து அனுப்புவதில்லை. வீட்டுத் திட்டத்தில் இருந்துகொண்டு வீடியோ பார்ப்பவருக்கு ஒரு வேகம், வீடியோவில் பாடம் நடத்துபவருக்கு ஒரு வேகம் என்று பிரிக்க இவர்களுக்கும் அதிகாரம் கிடையாது.

உங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்தால், திட்டத்தை மாற்றச் சொல்லும் பிடி அவர்களிடம் இருக்கிறது. அப்படி இருந்தாலும், ஒரு அம்மா கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை ஹோட்டலோடும் அலுவலகத்தோடும் ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்கவில்லை. அவர்களின் கவலை அளவைப் பற்றி என்றால், அதற்குத்தான் 3,300 ஜிபி எல்லை இருக்கிறது. நீங்கள் எதிர்த்துப் பேச இது போதும்.

ஸ்டேடிக் ஐபி என்பது உங்கள் வீட்டுக்கென்றே தனியாக, மாறாமல் இருக்கும் இணைய முகவரி. அந்த விஷயத்தில் அந்த ஆள் பொய் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து யாராவது உங்கள் வீட்டைத் தேடி வந்தால் எந்த வீடு என்று தெரியாது. இது கஞ்சத்தனத்தால் வந்த தடை கிடையாது, பற்றாக்குறை. இப்போது விற்கும் பெரும்பாலான கேமராக்கள் தாங்களாகவே வெளியே இருக்கும் நிறுவன சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கின்றன. கேமராவோடு வந்த செயலியை உங்கள் கணவர் போனில் ஏற்றி, பெட்டியில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் படம் வரும். கேமராவின் முதல் பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

இப்போது மாடி வீடு. இதில் நீங்கள் செய்வது தவறு. வீட்டில் தங்கும் விருந்தாளிக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது வேறு, மாதம் 200 ரூபாய் வாங்குவது வேறு. பணம் வாங்கினால் அது மறுவிற்பனை. அதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கின்றன, நெட் விற்பதற்கு உரிமமும் வேண்டும். நான் பெரிதாகக் கவலைப்படுவது வேறு காரணத்துக்காக. அந்த லைனில் யார் எதைச் செய்தாலும் பதிவில் நிற்பது உங்கள் பெயர். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர், குடியிருந்தவர் அனுப்பிய ஒரு மோசமான மெயிலுக்காக மூன்று நாள் காவல் நிலையத்துக்கு அலைந்தார். குடியிருந்தவர் அதற்குள் காலி செய்துவிட்டார். வீட்டில் தனியாக இருந்து சம்பாதிக்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். (டீக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர்கள் முறையாக வைஃபை விற்க 2020 டிசம்பரில் வந்த ‘பிஎம்-வாணி’ திட்டம் இருக்கிறது. கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு செய்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டால் போதும். ஒரே ஒரு குடித்தனக்காரருக்காக அதில் இறங்க வேண்டியதில்லை.)

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாடி வீட்டு இணைப்பை நிறுத்திய பிறகு, மூன்று நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேராக நெட் பெட்டியில் சொருகி வேகத்தைச் சோதியுங்கள். நிறுவனமே கொடுக்கும் சோதனைப் பக்கம் போதாது, அதன் சர்வர் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்தால் குறை வைஃபையில். எல்லாமே மெதுவாக வந்தால் நெரிசல். சோதனையில் வேகம் நன்றாக இருந்து வகுப்புச் செயலி மட்டும் தடுமாறினால், அதே நேரத்தில் ஒரு விபிஎன் (நீங்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை நெட் நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைக்கும் செயலி) போட்டு வகுப்பைத் திறந்து பாருங்கள். விபிஎன்னில் சரளமாகப் போய், எடுத்ததும் திரும்பத் திரும்ப நின்றால் விசாரிக்க வேண்டிய விஷயம் அது. ஒவ்வொன்றையும் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் புகார். போனில் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். எழுத்தில் இப்படிக் கேட்கலாம்: ‘என் திட்டத்தின் மாத எல்லை எவ்வளவு? இந்த மாதம் நான் பயன்படுத்தியது எவ்வளவு? என் வேகம் குறைக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியிலிருந்து, எந்த விதியின்படி? குறிப்பிட்ட செயலி எதையாவது மெதுவாக்கியிருக்கிறீர்களா?’ பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கை நுகர்வோர் ஆணையம் எடுக்க முடியாது என்று முன்பெல்லாம் மறுப்பார்கள். எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே தாக்கல் கட்டணமும் இல்லை.

உங்கள் சோதனையில் வந்த எண்களை எனக்கும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மாடி வீட்டுக்காரரிடம் மட்டும் இந்த மாதம் முடிவதற்குள் பேசிவிடுங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு சொல்வதைவிட, அவர் சொந்தமாக ஒரு இணைப்பு போட்டுக்கொள்ளப் பத்து நாள் அவகாசம் கொடுத்துச் சொன்னால் மனஸ்தாபம் இருக்காது.